இலக்கண வகுப்பு, ரெக்கார்டர், ஒரு பச்சை பெல்ட்

கும்பகோணத்தில் எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறு மாலைகளில் ஓர் இலக்கண வகுப்பு நடத்துகிறது. எடுப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’தான். ஒன்றரை மணி நேர வகுப்பு. வர முடியாதவர்களுக்கு அனுப்ப வேண்டும், பிறகு உட்கார்ந்து எழுத்தாக்கவும் வேண்டும் என்று பேச்சு வந்தபோது ஒலிப்பதிவு வேலை என் தலையில் விழுந்தது. வாங்கியது, கூடத்தில் வைத்துப் பார்த்தது, இப்போது செய்துவருவது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். சொற்பொழிவு, வகுப்பு, பட்டிமன்றம் என்று எதைப் பதிவு செய்பவருக்கும் பாதியாவது பயன்படும்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: செல்போன் போதாதா? போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பேசுபவருக்குப் பக்கத்தில் வைத்த சாதாரண போன், கடைசி பெஞ்சில் வைத்த விலையுயர்ந்த ரெக்கார்டரைவிட நன்றாகப் பதிவு செய்யும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏரோப்ளேன் மோடில் போட மறந்தால் நடுவில் ஓர் அழைப்பு வந்து பதிவை நிறுத்திவிடும். ஒன்றரை மணி நேரம் போனை மேசையில் விட்டுவிட்டுச் சும்மா உட்கார யாருக்கும் மனம் வருவதில்லை. வாராவாரம் வேறொருவர் போன், வேறொரு ஆப், வேறொரு இடம் என்றால் தரமும் வாராவாரம் மாறும். தொடர் வகுப்புக்குத் தனிக் கருவி வேண்டும் என்று நான் சொன்னதற்கு இந்தக் கடைசிக் காரணமே முக்கியம்.

ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுபவை பெயர் தெரியாத நிறுவனங்களின் குட்டிக் கருவிகள். 64 ஜிபி, 1536 கேபிபிஎஸ், இரைச்சல் நீக்கும் சிப் என்று பெட்டி முழுக்க எண்கள். அந்த 1536 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். நொடிக்கு ஒலியின் 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு சேனல். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 15,36,000 பிட், அதாவது 1536 கேபிபிஎஸ். சுருக்காமல் சேமிக்கும் எந்தக் கருவியும் தரக்கூடிய எண் இது. ஃபைல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைத்தான் சொல்கிறது. மைக் நல்லதா, அதன் பின்னாலுள்ள ஆம்ப்ளிஃபையர் ‘ஸ்ஸ்’ என்று இரைகிறதா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நண்பர் ஒருவரிடம் அப்படியொன்று இருந்தது. கடன் வாங்கி வகுப்பில் வைத்தேன். ஐயா பேச்சை நிறுத்தும் இடத்திலெல்லாம் மழை பெய்வது போல் ஒரு சத்தம் கேட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் இரண்டு கருவிகள் வாங்கினோம். ஒன்று சோனி ஐசிடி-பிஎக்ஸ்470. இதை எடுத்ததற்குக் காரணங்கள் எளியவை. இரண்டு டிரிபிள் ஏ செல்லில் ஓடும், அதனால் பேட்டரி தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வெளி மைக் செருக ஓட்டை உண்டு. உள்ளே 4 ஜிபி, போதாவிட்டால் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். யுஎஸ்பி பின் அதன் உடம்பிலேயே இருப்பதால் கேபிள் தேட வேண்டியதில்லை. இதைவிட ஒல்லியாக, பார்க்க அழகாக யுஎக்ஸ்570 என்ற மாடல் இருக்கிறது. ஆனால் அதன் பேட்டரி உள்ளேயே பொதிந்தது. சில வருடம் கழித்து அந்த பேட்டரி சோர்ந்தால் செல் மாற்றுவது போல் மாற்ற முடியாது. சொந்த உபயோகத்துக்கு அதை வாங்கலாம். வட்டத்துக்குப் பொதுவான, கைமாறிப் போகும் கருவிக்குச் செல் போடும் வகைதான் சரி.

இன்னொன்று டாஸ்கம் டிஆர்-05எக்ஸ். இதிலுள்ள இரண்டு மைக்குகளும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி கேட்பவை. திசை பார்த்துக் கேட்கும் மைக் வேண்டுமென்றால் அதே வரிசையில் டிஆர்-07எக்ஸ் இருக்கிறது. எனக்கு மாணவர்கள் கேட்கும் கேள்வியும் பதிவாக வேண்டும் என்பதால் முன்னதை எடுத்தேன். இதைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். ரெக் பட்டனை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அது தயார் நிலை மட்டுமே. மறுமுறை அழுத்தி, விளக்கு நிலையாக எரிந்து, திரையில் நொடிகள் ஓடினால்தான் பதிவு. சோனியில் ஒரே அழுத்தில் பதிவு தொடங்கிவிடும். ஒன்றில் பழகியவர் மற்றதைக் கையில் எடுக்கும்போது இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கார்டு பற்றி ஒரு வார்த்தை. போலி மைக்ரோ எஸ்டி கார்டுகள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. கணினியில் போட்டால் 64 ஜிபி என்று காட்டும், உள்ளே அவ்வளவு இருக்காது. நிரம்பிய பிறகு எழுதப்படுவதெல்லாம் காணாமல் போகும். ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். புதுக் கார்டு வந்தால் முதலில் அந்தச் சோதனை, அப்புறம் ரெக்கார்டரில் போட்டு அதன் மெனுவிலேயே ஃபார்மேட். எந்த ஃபைல் வகையில் பதிவு செய்வது என்றால், சுருக்காத வேவ் ஃபைல், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஸ்டீரியோவில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய 950 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் அதே வகுப்பு 86 எம்பியில் அடங்கும், கேட்பதற்கும் போதுமானது. பின்னால் இரைச்சல் நீக்கும் வேலை இருப்பதால்தான் நான் வேவில் எடுக்கிறேன். மெனுவில் ‘நீண்ட நேரப் பதிவு’ என்று ஒன்று இருக்கும். அதன் பக்கமே போகக் கூடாது. அதில் மேல் அதிர்வெண்களை வெட்டிவிடுவார்கள். ஐயா ஆய்தத்தை உச்சரித்துக் காட்டும் இடத்தில் தொண்டையிலிருந்து ஒரு மெல்லிய உராய்வு வரும். அது போனால் அந்த வகுப்பே போனது.

இவ்வளவும் சொன்னாலும், எந்த மாடல் என்பதைவிட அது எங்கே உட்கார்கிறது என்பதுதான் பதிவைத் தீர்மானிக்கிறது. எங்கள் கூடம் பழைய மாடி. உயரமான தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர், நான்கு ஃபேன், கீழே பஸ் போகும் தெரு. மேசையில் வைத்த டாஸ்கம் எல்லாவற்றையும் பதிவு செய்தது. ஃபேன், மினி பஸ் ஹாரன், ஐயா புத்தகத்தை மேசையில் வைக்கும் ‘தொப்’, எல்லாம் வந்தது. ஐயா குரலும் வந்தது, ஆனால் ஒரு கிணற்றின் அடியிலிருந்து. மேசை அதிர்வுக்கு மருந்து எளிது. துண்டை நாலாக மடித்து அதன்மேல் ரெக்கார்டரை வைத்தால் பாதி தட்டல் அடங்கிவிடும். மெனுவில், தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ கட்டை 80 அல்லது 120 ஹெர்ட்ஸில் வைத்தால் ஃபேனின் அடிக்குரலும் பஸ்ஸின் உறுமலும் குறையும். எதிரொலிக்கு இந்த வைத்தியம் எதுவும் கேட்காது. பேசுபவர் வாயருகே மைக் போக வேண்டும், வேறு வழியில்லை.

இதற்குக் கணக்கு இருக்கிறது. தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். ஃபேன் சத்தமும் எதிரொலியும் கூடம் முழுக்க நிரம்பியிருப்பதால் அவை அப்படியே இருக்கும். மேசையிலிருந்து ஐயாவின் வாய்க்கு ஒன்றரை மீட்டர். அதை மூன்று முறை பாதியாக்கினால் ஒரு சாண் அளவுக்கு வந்துவிடலாம். 18 டெசிபல் லாபம். எந்த இரைச்சல் நீக்கும் மென்பொருளும் இதைக் கெடுதல் இல்லாமல் தராது. போதாக்குறைக்கு ஐயாவிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. நூற்பாவை உரக்கச் சொல்வார், உரையின் முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுவார். அப்புறம் கரும்பலகை பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். மேசை மைக்குக்கு அப்போது கிடைப்பது சுவரில் பட்டுத் திரும்பும் குரல் மட்டும்.

எனவே காலர் மைக். இங்கே பின் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். செல்போனுக்கென்று விற்கும் காலர் மைக்கின் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். ரெக்கார்டருக்கு வேண்டியது இரண்டு வளையம் உள்ள பின். மூன்று வளையத்தை அப்படியே செருகினால் சில கருவிகளில் சத்தமே வராது, சிலவற்றில் முனகலாக வரும். மாற்றிக்கொடுக்கும் சிறு கனெக்டர் கடையில் கிடைக்கும். போயா பிஒய்-எம்1 போன்றவற்றில் போனுக்கா கேமராவுக்கா என்று மாற்ற ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ரெக்கார்டருக்குக் கேமரா பக்கம் வைக்க வேண்டும், அதற்குள் எல்ஆர்44 பட்டன் செல் ஒன்றும் போட வேண்டும். அதன் கேபிள் 6 மீட்டர். உட்கார்ந்தே பேசுபவருக்கு அது வசதி. நடமாடுபவருக்கு ஆபத்து, கரும்பலகைக்குப் போகும்போது கால் தடுக்கும். நான் ஒரு மீட்டர் சொச்சம் கேபிள் உள்ள, பட்டன் செல் இல்லாத மைக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். செல் இல்லாத மைக்குக்குத் தேவையான சிறு மின்னழுத்தத்தை ரெக்கார்டரே அந்த ஓட்டை வழியாகக் கொடுக்கும். மெனுவில் அதற்கென்று ஓர் அமைப்பு இருந்தால், அது ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மைக் சரி. ரெக்கார்டரை எங்கே வைப்பது? சட்டைப் பை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஐயாவின் சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு, இரண்டு பேனா, பஸ் டிக்கெட், மடித்த தாள். நூற்பா படிக்கும்போதெல்லாம் கண்ணாடியை எடுப்பார், முடிந்ததும் வைப்பார். ஒவ்வொரு முறையும் ‘கரக், கரக்’ என்று பதிவாகும். வேட்டி மடிப்பில் செருகினால் நழுவும். அவர் இடுப்பில் அகலமான பச்சை பெல்ட் கட்டுகிறவர் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பர்ஸ் வைக்கும் பையோடு வரும் பழைய மாடல் பெல்ட். கேட்டேன்.

“ஐயா, பெல்ட் பையில இதை வச்சுக்கலாங்களா?”

“பணம் வைக்கிற இடத்துல இலக்கணம் வைக்கிறேங்கிற. வை.”

சோனி அந்தப் பைக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது. பதிவைத் தொடங்கி, ஹோல்டு ஸ்விட்சைத் தள்ளிப் பூட்டிவிட்டு உள்ளே வைக்கிறேன். பூட்டாவிட்டால் அவர் குனியும்போது ஏதாவது பட்டன் அழுந்தும். கேபிள் சட்டைக்கு உள்பக்கமாக மேலே போகிறது. மைக்கின் கிளிப்பை இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவே, சட்டைப் பட்டியின் விளிம்பில் மாட்டுகிறேன். அது தாடையிலிருந்து ஒரு சாண் கீழே. கிளிப்புக்குப் பின்னால் கேபிளை ஒரு சிறு வளையமாகச் சுற்றி, அதையும் சேர்த்துக் கவ்வவிடுகிறேன். அப்போது கேபிள் எங்காவது இழுபட்டாலும் அந்த வளையம் வாங்கிக்கொள்ளும், மைக்கைத் தட்டாது. தோளில் போடும் துண்டுதான் கடைசி எதிரி. இடது தோளிலிருந்து நழுவி மைக்கின் மேல் உரசினால் வகுப்பு முழுக்க சரசரப்பு. மைக்கை வலது பக்கமாகச் சாய்த்து மாட்டியதும் அதுவும் ஓய்ந்தது.

லெவல், அதாவது பதிவின் ஒலி அளவு, வைக்கும்போது ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லச் சொல்வதில் பயனில்லை. அப்போது யாரும் தங்கள் குரலில் பேசுவதில்லை. ஐயாவை ஒரு நூற்பா சொல்லச் சொல்கிறேன். அதுதான் அவருடைய உச்சக் குரல். டாஸ்கமில் அந்த நேரத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி ஆடி, எப்போதாவது மைனஸ் 6 வரை போனால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் பிசிறும், பிசிறியதைப் பின்னால் சரி செய்ய முடியாது. தானாக லெவல் பார்க்கும் ஆட்டோவை நான் அணைத்துவிடுவேன். பேச்சு நின்றதும் அது ஃபேன் சத்தத்தை மெல்லத் தூக்கும், பேச்சு வந்ததும் அமுக்கும். கேட்பவருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். குரல் வந்தால் மட்டும் பதிவாகும் வசதியையும் அணைத்தாக வேண்டும். அது விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்து போய்விடும். இலக்கண வகுப்பில் முதல் எழுத்து போனால் பிறகென்ன இருக்கிறது?

ரீசார்ஜ் செய்யும் செல் போடுபவர்கள் மெனுவில் செல் வகையையும் மாற்றிவிட வேண்டும். அவற்றின் அழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண செல்லுக்கு 1.5. சொல்லாவிட்டால் கருவி பாதியிலேயே ‘தீர்ந்தது’ என்று பயம் காட்டும். இன்னொன்று, மேசையில் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் யாரும் பழைய பட்டன் போனை வைக்கக் கூடாது. 2ஜி போன் டவரோடு பேசும்போது நொடிக்கு 217 முறை துடிக்கிறது. அழைப்பு வருவதற்கு முன்பே ‘டிட்டிட்டிட் டிர்ர்ர்’ என்று பதிவில் விழும். ஒரு கை தூரம் தள்ளி வைத்தால் போதும்.

ஆண்டு விழா மாதிரி பெரிய கூட்டம் என்றால் மைக் செட் வரும். அங்கே ஸ்பீக்கருக்கு முன்னால் ரெக்கார்டரை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மைக் செட்காரரிடமே கேட்கலாம்.

“அண்ணே, ஆம்ப்ளிஃபையர்ல லைன் அவுட் இருக்கா?”

“பின்னாடி இருக்கு தம்பி. எல்லாரும் அதுல டேப் ரெக்கார்டர் மாட்டுன காலம் போச்சு.”

நம் பக்கம் பெரும்பாலும் அஹுஜா ஆம்ப்ளிஃபையர்தான். பின்பக்கத்தில் லைன் அவுட் என்று எழுதிய ஆர்சிஏ ஓட்டை இருக்கும். அதிலிருந்து வரும் சிக்னல் மைக் சிக்னலைவிடப் பல மடங்கு பெரிது. எனவே ரெக்கார்டர் மெனுவில் மைக் இன் என்பதை ஆடியோ இன் அல்லது லைன் இன் என்று மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத கருவி என்றால் சிக்னலைக் குறைக்கும் கேபிள் தனியாக வாங்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகளில் மட்டும் எதையும் செருகிவிடாதீர்கள். சில ஆம்ப்ளிஃபையர்களில் அது 100 வோல்ட் லைன். ரெக்கார்டர் செல்லில் ஓடுவதன் அருமை இங்கேதான் தெரியும். சார்ஜரில் மாட்டிய லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ வந்து சேரும். செல்லில் ஓடும் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

வகுப்பு முடிந்ததும் முதலில் ஸ்டாப், அப்புறம்தான் கார்டைத் தொடுவது. இரண்டு ரெக்கார்டரும் ஓடும் நாட்களில் ஆரம்பத்தில் ஒருமுறை ‘டப்’ என்று கை தட்டிவிடுகிறேன். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு பதிவையும் மேலும் கீழுமாக வைத்தால் அந்தத் தட்டல் இரண்டிலும் ஊசி போல் எழுந்து நிற்கும். ஊசிக்கு ஊசி பொருத்தினால் பெல்ட் பதிவும் மேசைப் பதிவும் ஒன்றாக ஓடும். முதலில் சரியாக இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் சற்று விலகும், ஏனென்றால் இரண்டு கருவியின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றல்ல. நடுவில் வெட்டி மறுபடி பொருத்திக்கொள்ளலாம். ஐயா பேசும்போது பெல்ட், மாணவர் கேட்கும்போது மேசை. இரைச்சல் நீக்கத்துக்கு யாரும் பேசாத ஓரிரு நொடிகளைத் தேர்ந்தெடுத்து மாதிரியாகக் கொடுத்துவிட்டு 6 டெசிபல் மட்டும் குறைக்கிறேன். 12 டெசிபல் என் காதுக்கு அதிகம், குரல் தகரமாகிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்ப மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3. ஒரு வகுப்பு 43 எம்பி. ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் வைத்த பெயரோடு அப்படியே போய்ச் சேரும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணைப் போட்டு, பிறகு பாடத்தின் பெயர். கணினி தானாக அடுக்கிவிடும். ரெக்கார்டரில் தேதி, நேரம் சரியாக வைத்திருந்தால் பாதிப் பெயரை அதுவே எழுதிக் கொடுக்கும்.

எழுத்தாக்க விஸ்பர் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்டது, நம் கணினியிலேயே ஓட்டலாம். ஐயாவின் பேச்சுத் தமிழை ஓரளவு பிடிக்கிறது. நூற்பா வந்ததும் தனக்குத் தெரிந்த சொற்களைப் போட்டு நிரப்பிவிடுகிறது. யாரும் பேசாத இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதும் பழக்கமும் அதற்கு உண்டு. அதனால் நீண்ட மௌனங்களை முன்கூட்டியே வெட்டிவிடுகிறேன். நூற்பாக்களைப் புத்தகத்தைப் பார்த்துக் கையாலேயே அடிக்கிறேன். விரைவு அதுதான்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். பதிவு செய்வதற்கு ஒரு முறை, வெளியே அனுப்புவதற்கு ஒரு முறை என இரண்டையும் தனித்தனியே கேட்டுவிடுவது நல்லது. பொதுவெளியில் ஆற்றும் உரைக்கு அதை ஆற்றியவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம் நிகழ்த்துநர் யார் யார் என்று பட்டியலிடும்போது நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி என்று போய், பாம்பாட்டிக்கு அடுத்து சொற்பொழிவாளரைச் சேர்க்கிறது. ஐயாவிடம் இதைப் படித்துக் காட்டியபோது, “வரிசை சரியாத்தான் இருக்கு” என்றார். கேள்வி கேட்கும் மாணவர்களுக்கும் வகுப்பின் தொடக்கத்தில் பதிவு ஓடுவதைச் சொல்லிவிடுகிறோம். தன் குரல் வேண்டாம் என்றவர்களின் கேள்வியை வெட்டிவிட்டு ஐயாவின் பதிலை மட்டும் வைக்கிறேன்.

தீராத சிக்கல் ஒன்று பாக்கி. ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரையில் மழை விழுந்தால் காலர் மைக்கும் தோற்கிறது. ஃபேன் சத்தம் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒரு மூலையில் இருக்கும், வெட்டலாம். மழை எல்லா அதிர்வெண்ணிலும் பரவி நிற்பதால் எதை வெட்டினாலும் குரலும் கூடவே போகிறது. அந்த மாதங்களில் வகுப்பைக் கீழே புத்தக அறைக்கு மாற்றிக்கொள்கிறோம். இடம் நெருக்கம்தான். ஆனால் நாலு பக்கமும் அலமாரி நிறையப் புத்தகம் இருப்பதால் அங்கே எதிரொலியே இல்லை. வருடம் முழுக்க அங்கேயே நடத்தலாமே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நாற்காலி போட இடமில்லை என்கிறார் நூலகர்.